தலைவர் உரையும் மாலை போட்ட பெட்டியும்

முப்பது தேயிலைத் தோட்டங்களைக் கட்டியாளும் கம்பெனிக்குத் திடீரென்று தொழிலாளர் மீது பாசம் பொங்கிவிட்டது. தொழிலாளர் குடியிருக்கிற ஒழுகும் லயத்து வீடுகளுக்குத் தகரம் மாற்றுகிற பாசம் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் பழைய மாடல். கொழும்பில் உட்கார்ந்து கம்பெனித் தலைவர் பேசுவதை, கொழுந்து எடுக்கிற பெண்கள் தங்கள் போனில் நேரடியாக, தடங்கலில்லாமல் பார்த்துப் பரவசப்பட வேண்டுமாம். இதுதான் புது மாடல்.

பேச்சைத் தடங்கலில்லாமல் கொண்டுசேர்க்கிற பொறுப்பு தனுஷிகா வேலை பார்க்கும் கொழும்பு நிறுவனத்துக்கு வந்தது. பெரிய கம்பெனிகளின் வீடியோக்களை நாடு முழுக்கப் பரிமாறுவதுதான் அவர்கள் தொழில். விஷயம் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு சவர்க்காரம் வாங்க மலைநாட்டு மஸ்கெலியாக்காரர் யாரும் கொழும்புக்கு பஸ் ஏறுவதில்லை. பக்கத்துக் கடையிலேயே சரக்கு இருக்கிறது. அதேமாதிரி வீடியோவின் பிரதியை ஆட்களுக்குப் பக்கத்தில் ஒரு சர்வர் பெட்டியில் வைத்துவிட்டால், கேட்கிறவருக்கு அங்கிருந்தே கிடைத்துவிடும். அதையே ‘உள்ளடக்க விநியோக வலையமைப்பு’ என்று வாய் நிறையச் சொன்னால், கேட்கிற பெரிய மனிதர்கள் எழுந்து நின்று கை கொடுப்பார்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தின் தேயிலை பெக்டரியில் என்றாள் தனுஷிகா. அங்கே ஜெனரேட்டர் உண்டு, சுற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் நடு என்று காரணங்களை அடுக்கினாள். அது தான் பிறந்த தோட்டம் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

பெக்டரிக்குக் கீழேதான் அவள் படித்த பள்ளிக்கூடம். பிள்ளைகள் இன்றைக்கும் போனில் பாடம் இறக்க, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கோயில் பாறைக்கு ஏறித்தான் சிக்னல் பிடிக்கிறார்கள். பெட்டிக்காக இழுக்கிற கேபிளில் ஒரு கிளையைப் பள்ளிக்கூடத்துக்கும் விடுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. கடைசியில் கம்பெனி ஒத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. தலைவரின் முதல் உரை பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தால் கிளை உண்டு. சொதப்பினால் பெட்டியும் கேபிளும் லொறி ஏறும்.

உரைக்கான தேதியைத் தலைவரின் செயலாளர் அனுப்பினார். தனுஷிகா பார்த்தாள், சரி என்று பதில் போட்டாள். கொழும்புக்கு வந்த பிறகு காலண்டரில் அவள் கண்ணுக்குச் சம்பள நாள் மட்டும்தான் தெரியும்.

அன்று காலை உரைக்குச் சற்று முன்னால், கண்காணிப்புத் திரையில் பச்சையாக இருந்த மஸ்கெலியாப் பெட்டி சிவப்பாகிப் படுத்துவிட்டது. பெக்டரி மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பொன்னையாவுக்கு அவசரமாகப் போன் போட்டாள்.

“மாமா, பொட்டி நின்னுருச்சு! கரண்டு போயிருச்சா?”

“கரண்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. நாந்தான் நிப்பாட்டுனேன்.”

“ஐயோ, ஏன் மாமா?”

“ஏனா? இன்னிக்கு ஆயுத பூசையில்ல! ரோலரு, அடுப்பு, லொறி எல்லாத்தையும் நிப்பாட்டிப் பொட்டு வச்சாச்சு. ஒன் பொட்டிய மட்டும் அனாதையா விடுவமா? நல்லாத் தொடச்சு, சந்தனம் வச்சு, செவ்வந்தி மாலையும் போட்டிருக்கேன். போட்டோ அனுப்பவா?”

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பினார். பெட்டி கல்யாண மாப்பிள்ளை கணக்காக உட்கார்ந்திருந்தது. காற்றுப் போகிற துவாரமெல்லாம் சந்தனம்.

“மாமா, ஒங்களக் கும்புடுறேன். கொஞ்ச நேரம் போட்டு விடுங்க. பெரிய ஐயா பேசப் போறாரு.”

“பூச போட்ட சாமானத் தொடுறதா? நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டிட்டுத்தான் எதுவும் ஓடும். நீ இந்தத் தோட்டத்துப் புள்ளதானே, ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். அந்தப் பூசையில் அவலும் கடலையும் தின்று வளர்ந்த உடம்புதான் இது. வெட்கத்தில் அவளுக்கு முகம் சுட்டது. அதற்கு மேல் அவரிடம் வற்புறுத்த வாய் வரவில்லை.

ஆனாலும் அவள் போட்ட திட்டம் லேசுப்பட்டதல்ல. பெட்டி படுத்தால், வீடியோ கேட்கிற போன்களையெல்லாம் கொழும்பு சர்வர் தானாகவே ஏற்றுக்கொள்ளும். மலையிலிருந்து கூட்டம் மொத்தமாக வந்து விழப்போகிறது என்று திரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் வரவில்லை. தலைவர் பேசினார். “நீங்கள்தான் என் குடும்பம்” என்று தழுதழுத்தார். குடும்பமோ பெக்டரி வாசலில் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றது. அடேயப்பா, ஒரு போன்கூட எட்டிப் பார்க்கவில்லை!

மேலதிகாரி சுகிர்தன் யாழ்ப்பாணத்துக்காரர். தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார்.

“பிழை எத்தினை?”

“பூச்சியம் சேர்.”

“பிறகென்ன? சிரியும் பிள்ளை.”

“பாத்தவங்களும் பூச்சியம் சேர்.”

“அதை ஆர் கேட்டது?” என்றுவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கம்பெனியின் பெரிய கூட்டம். ஒரு பிழைகூட இல்லையென்றதும் தலைவருக்கு வாயெல்லாம் பல். தனுஷிகாவுக்கும் உயிர் வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்த நேரத்தில், கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு அந்தப் பெட்டி ஓடவே இல்லையாமே? பெட்டி இல்லாமலே பிழையில்லை என்றால் பெட்டி எதற்கு? கேபிள்தான் எதற்கு? கழற்றிவிடலாமே. மனிதர் என்னமாய் யோசிக்கிறார் பாருங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். சுகிர்தனும் ஆட்டினார், அவர் தலை எப்போதுமே வாடிக்கையாளர் பக்கம்தான் ஆடும்.

அன்றைக்குப் பிழை வராததன் காரணம் தனுஷிகாவுக்குத் தெரியும்: உங்கள் பேச்சை ஒருத்தரும் கேட்கவில்லை ஐயா. அதைச் சொன்னால் திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பெட்டியைக் கழற்றுவார்கள். எப்படிப் பார்த்தாலும் பிள்ளைகளுக்குப் பாறைதான். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. எழுந்து நின்றாள்.

“சேர், பிழை இல்லையென்பது கொழும்புக் கணக்கு. அங்கே பெட்டி நின்றுபோனதால் ஒருவராலும் பார்க்க முடியவில்லை. உங்கள் பேச்சுக்காக எல்லோரும் போனும் கையுமாகக் காத்திருந்தார்கள். பெண்கள் அழுதேவிட்டார்களாம்.”

அண்டப்புளுகு. ஆனால் தலைவரின் கண் கலங்கிவிட்டது. தன் பேச்சைக் கேட்க முடியாமல் ஒரு மலையே அழுதது என்றால் எந்தத் தலைவர்தான் நம்ப மாட்டார்? நிபந்தனை கிடக்கட்டும், பெட்டி இருக்கட்டும், துணைக்கு இன்னொன்றும் வையுங்கள், பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கே கிளை விடுங்கள் என்று உத்தரவு பறந்தது. சுகிர்தன் அதற்கும் தலையாட்டினார். தனுஷிகா கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சுச் சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மா நாகலெட்சுமி தோட்டத்திலிருந்து போன் போட்டாள். மகள் முந்திக்கொண்டாள்.

“அம்மா, பள்ளிக்கூடத்துக்கு லைன் வந்துருச்சா?”

“அதெல்லாம் வந்துருச்சு. புள்ளைக பாறைக்குப் போறதில்ல, வாத்தியாரு வகுப்புலயே பாடத்தப் போட்டுக் காட்டுறாராம். அத விடு, இந்த அநியாயத்தக் கேளு. ஞாயித்துக்கெழமையும் எல்லாரும் வேலைக்குப் பேரு குடுக்குற மாதிரி பெரட்டுக்கு வரணும்னு வேல வாங்குற கண்டாக்கையா சொல்லிட்டுப் போறாரு.”

“எதுக்கும்மா? வேலையா?”

“வேலைன்னாலும் பரவாயில்லியே! அந்தப் பெரிய ஐயா பேச்சக் கேக்க முடியாம நாங்கெல்லாம் அழுதமாம்டி. அதுனால பெரட்டுக் களத்துல தெர கட்டித் திரும்பப் போடுறாங்களாம், இனி மாசா மாசம். கெடைக்கிறதே ஒரு நாளு. துணி தொவைக்க, வெறகு பொறக்க, செத்த நேரம் காலு நீட்டிப் படுக்க அந்த ஒரு நாளுதான். கொழும்புல எவளோ ஒருத்தி சொல்லிக் குடுத்திருக்கா.”

தனுஷிகா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“எங்க ஞாயித்துக்கெழமையத் தூக்கிக் குடுத்துட்டாளே பாவி. அவ நல்லா இருப்பாளா? நீயே சொல்லு.”

“இருக்க மாட்டாம்மா,” என்றாள் தனுஷிகா.