உள்ள வேற ஸ்டாக் இருக்கா?

அஸ்வத்துக்கு உலகத்திலேயே பிடிக்காத ஜென்மங்கள், தி.நகரில் அவன் அப்பாவின் பட்டுக்கடைக்கு வந்து, அடுக்கு அடுக்காகப் புடவையைப் பிரிக்க வைத்துவிட்டு, "பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்து போகிறவர்கள்தான். அன்று அடையாறு கேமிங் கஃபேக்குப் போகிற வழியெல்லாம் நண்பர்கள் மேத்யூவிடமும் ஜொவிட்டாவிடமும் அவர்களைத்தான் வாய் வலிக்கத் திட்டிக்கொண்டு வந்தான்.

கஃபேயை நடத்தும் ஸ்வர்ணலதா அக்கா பெரிய டிவியில் ஃபுட்பால் கேமைப் போட்டுக் காட்டினார்.

"போன தடவை ஆடுனதுதானக்கா?" என்றான் அஸ்வத், சோபாவில் சாய்ந்தபடி.

அடுத்தது கார் ரேஸ்.

"கலர் ரொம்ப அடிக்குது."

பேய் கேம்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேயா?"

நாலு பேர் சேர்ந்து ஹோட்டல் நடத்துகிற கேம்.

"காலைலேர்ந்து கஸ்டமர் கிட்ட சாவறது போதாதா?"

அக்கா முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டே இருந்தார். மேத்யூவுக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது.

"அவ்ளோதானாக்கா? உள்ள வேற புது ஸ்டாக் இருக்கா?"

ஜொவிட்டாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அஸ்வத்தைக் கைகாட்டி, கவுண்டரைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா, மேடத்துக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ் குடுங்க! காலைலேர்ந்து அலையறாங்க!"

மேத்யூ சோபாவிலிருந்து உருண்டே விட்டான். அக்காவும் திரும்பி நின்று சிரித்தார். அஸ்வத்துக்குக் காது சூடேறியது. எப்படியாவது இந்தக் கிண்டலிலிருந்து தப்பித்தால் போதும் என்று அவசரமாக வாயைத் திறந்தான்.

"சரி சரி, முதல்ல காட்டுனீங்களே, அதையே குடுத்துடுங்க."