கிளட்ச்சில் தப்பில்லை

மூன்றாவது முறையாக அந்த ஜீப் உதறிக்கொண்டே பட்டறைக்குள் வந்து நின்றபோது, சகாயராஜுக்குக் கோபம் ஏறியது.

திண்டிவனம் பைபாஸில் பதினெட்டு வருஷமாகப் பட்டறை நடத்துகிறார். ஜீப்புக்காரன் செல்வகுமார் கெடாரிலிருந்து வருகிறவன், இருபத்தெட்டு வயது. கரும்புத் தோட்டம் உண்டு. ஆற்று மணலிலும் மலையிலும் ஜீப் ஓட்டும் நண்பர் கூட்டமும் உண்டு. அதற்காகவே விழுப்புரத்தில் முருகையனிடம் கொடுத்து வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தியிருந்தான். அன்று முதல், கிளம்பும்போதெல்லாம் வண்டி சண்டி மாடு மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. கிளட்ச்தான் என்று அவனே முடிவு கட்டினான். சகாயராஜ் ஒருமுறை கிளட்ச் பிளேட்டை மாற்றினார். அடுத்த முறை மொத்த செட்டையும் மாற்றினார். உதறல் போகவில்லை.

ஓட்டிப் பார்க்காமல் கிளட்ச் மாற்றுகிற மெக்கானிக் உண்டா? செல்வகுமார் சாவியைத் தரமாட்டான். உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் அவன்தான். சீட்டில் கிரீஸ் ஒட்டும் என்பான். அதே சீட்டில், முழங்கை வரை கிரீஸோடு முருகையன் உட்கார்ந்திருக்கும் படத்தை அவனே ஒருநாள் போனில் காட்டினான். சகாயராஜ் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்தார். அப்படி எடுத்ததுதான் இரண்டு மாதமாக அவருக்குள் கனன்றது.

இப்போது நண்பர்களின் வாட்ஸப் குழுவில், திண்டிவனத்துப் பட்டறையில் கிளட்ச்சைக் கெடுத்துவிட்டார்கள் என்று பேசிப் போட்டிருந்தான். அந்தக் கூட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஐந்து ஜீப்பும் பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டன. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

“ஜல்தியா பாரு. விக்கிரவாண்டில பசங்க நிக்கறானுங்க,” என்றான் செல்வகுமார், இறங்காமலே.

“சாவியக் குடுங்க தம்பி. நான் ஓட்டிப் பாக்கணும்.”

“கிளட்ச்சுன்னு நான்தான் சொல்றேனே.”

“நீங்க சொல்லி ரெண்டு வாட்டி மாத்தியாச்சி. மூணாவது வாட்டிக்கு வேற எடம் பாத்துக்குங்க.”

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் செல்வகுமார் இறங்கி, பழைய பேப்பர் ஒன்றைத் தேடி எடுத்துச் சீட்டில் விரித்தான். சகாயராஜ் அதை எடுத்து, நான்காக மடித்து, அவன் கையிலேயே கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

இருநூறு அடி போதுமாக இருந்தது. கிளட்ச் மிதியிலிருந்து காலை முழுக்க எடுத்த பிறகும் வண்டி உதறியது. கிளட்ச் முழுதாய்ப் பிடித்துவிட்ட பிறகு கிளட்ச்சுக்கு உதற என்ன வேலை?

திரும்பி வந்து அடியில் படுத்தார். இன்ஜினின் இழுப்பைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டைக் கழற்றித் தரையில் போட்டார். முன்சக்கர இழுப்பைப் போட்டு, செல்வகுமாரையே ஓட்டச் சொன்னார். அதே கிளட்ச். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

போனில் மட்டம் பார்த்துக் காட்டினார். ஷாஃப்ட்டின் இரு முனையும் ஒரே சாய்வில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். முன்னால் ஐந்து டிகிரி, பின்னால் பதினான்கு. முன்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங் பட்டை போட்ட முருகையன், பின்பக்கத்தைப் பழைய பட்டையின் நுனியில் நீட்டுக் கொக்கி மாட்டியே தூக்கியிருந்தார். அதில் பின்னச்சில் ஷாஃப்ட் பூட்டும் மூக்கு மேலே திரும்பிவிட்டது. பட்டைக்கு அடியில் ஆப்பு வைத்து அதைத் தாழ்த்தினால் தீர்ந்தது.

“அப்ப வையி,” என்றான் செல்வகுமார்.

“மொதல்ல குரூப்ல சொல்லுங்க. அப்பறம் வைக்கிறேன்.”

செல்வகுமார் தரையில் கிடந்த ஷாஃப்ட்டைப் பார்த்தான். பிறகு போனை வாயருகே பிடித்தான்.

“மச்சி, கிளட்ச்ல தப்பு இல்லியாம். பின்னாடி ஷாஃப்ட்டு கோணலாம். திண்டிவனத்துப் பையன் கண்டுபுடிச்சான்.”

சகாயராஜுக்கு நாற்பத்தாறு வயது. மூத்த பெண் கல்லூரியில் படிக்கிறாள்.

“அத்த அழிச்சிட்டு மறுபடி சொல்லுங்க,” என்றார். குரல் உயரவில்லை. “எனுக்குப் பேரு இருக்குது.”

“பேர்ல இன்னா இப்போ?”

சகாயராஜ் கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

செல்வகுமார் முகம் கறுத்தது. போனை மறுபடி எடுத்தான். “சகாயராஜ்” என்று வந்தது; சற்று இடைவெளி விட்டு, “கண்டுபுடிச்சாரு” என்றும் வந்தது.

சகாயராஜ் பெட்டியைத் திறந்தார். கோபம் துளியும் இறங்கவில்லை. அதோடேயே ஜீப்புக்கு அடியில் படுத்தார்.