குண்டக்கா

"குண்டக்காவுலயே அடிச்சிடட்டுமாம்மா?" என்றார் பெயர்ப்பலகைக் கடைக்காரர், திரையிலிருந்து தலையைத் திருப்பாமல்.

தையல்காரி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "யாரச் சொல்றீங்க?"

"எழுத்தோட பேரும்மா." திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவளுடைய புதுக் கடைக்கான வாசகம். 'எல்லா அளவிலும் தைக்கப்படும்.' எழுத்துகள் கொழுகொழுவென்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அ-வுக்குத் தொந்தி. புள்ளிகள் ஊதிய பலூன்கள்.

"இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. பிஸ்கட் கவரு, ஸ்கூல் வேனு. போன வாரம் ஒரு பல் டாக்டரு."

அந்த எழுத்துகளை அவளுக்குத் தெரியும். எழுத்துரு வடிவமைக்கும் தங்கை வரைந்தவை. தங்கை வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தபோது என்ன பேர் என்று கேட்டிருக்கிறாள். இன்னும் வைக்கவில்லை என்றாள் தங்கை.

பள்ளியில் அக்காவுக்கு நிறையப் பட்டப்பெயர்கள் இருந்தன. எல்லாம் வலித்தவை. குண்டக்கா ஒன்றுதான் வலிக்காதது. பேச்சு வந்த புதிதில் தங்கை வைத்தது. வேறு யாரையும், கணவனைக்கூட, அப்படிக் கூப்பிட அவள் விட்டதில்லை. இன்று முன்பின் தெரியாத ஒருவர் தலையைக்கூடத் திருப்பாமல் அதைச் சொல்கிறார்.

"அப்புறம் சொல்றேன்" என்று படியிறங்கினாள்.

தங்கை வீட்டில் கதவு திறந்தேயிருந்தது. மேசை நிறையக் காகிதம். தங்கை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"தெரிஞ்சிடுச்சா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அக்கா உட்காரவில்லை. நாற்காலியின் கைப்பிடிகளுக்கு நடுவே அவள் அடங்கமாட்டாள். அதைப் பார்த்த தங்கை எழுந்து தன் முக்காலியை நகர்த்திப் போட்டாள். அக்கா அதில் உட்கார்ந்தாள்.

"மத்த எழுத்தெல்லாம் எப்ப கிளம்பலாம்னு நிக்கிற மாதிரியே இருக்கும்க்கா. எனக்கு உக்காந்திருக்கிற எழுத்து வேணும்னு தோணுச்சு. பென்சில எடுத்தா உன் முதுகுதான் வருது. அதுல சாஞ்சுதான நான் படிச்சேன்."

"ஊரே கூப்பிடுதுடி."

தங்கை கணினியைத் திறந்தாள். "மாத்திடறேன். இனிமே வாங்கறவங்களுக்கு வேற பேரு போகும்."

பெயர்க் கட்டத்தில் பின்னாலிருந்து அழிக்க ஆரம்பித்தாள். துணைக்கால் போயிற்று. க போயிற்று. புள்ளி போயிற்று. இன்னொரு க-வும் போயிற்று.

'குண்ட' மட்டும் நின்றது.

"இரு" என்றாள் அக்கா.

தங்கை விரலை எடுத்தாள்.

"நல்லா அழிச்ச போ. அக்காவத் தூக்கிட்டு, குண்ட மட்டும் விட்டுவச்சிருக்க."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அக்கா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அக்கா முக்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்குத் தட்டச்சு தெரியாது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல், விசைகளுக்கு மேலே அலைந்து, க எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது.