பால்சன் வீட்டு மேசை பூத்த வருடம்

ஜூன் மாதத்து முதல் ஞாயிறன்று காலையில் ஹின்ரிக் பால்சனின் சாப்பாட்டு மேசை பூத்தது. மாமனார் கொடுத்த ஓக் மரத்து மேசை அது. அதன் முன்காலிலிருந்து ஒரு கொடி கிளம்பி, ரொட்டிக் கூடையை ஒரு சுற்றுச் சுற்றி, வெண்ணெய்த் தட்டுக்கு மேலே வெளிறிய இளஞ்சிவப்பில் கொத்தாக மலர்ந்திருந்தது. காப்பிக் கோப்பையை வைக்க இடம் தேடிய அவர் மனைவி ஹெர்டா, முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே, "பூத்தது சரி, சாப்பிடுற மேசைக்கு முள்ளு எதுக்கு?" என்றாள். அந்த வருடம் ஜெர்மனியின் கீல் நகரத்தில் வெண்ணெய் விலை ஏறியிருந்தது. ஊரில் அதுதான் பெரிய பேச்சு. வாசனை மூக்கில் பட்டதுமே அது எந்தச் செடியின் பூ என்று பால்சனுக்குத் தெரிந்துவிட்டது. காது மடல் வரை சிவந்துபோய், கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

பால்சன் கால்வாய்க் கரைத் தோட்டச் சங்கத்தின் தலைவர். ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே ஆளுக்கொரு துண்டு நிலம், அதில் ஒரு மரக்குடில், நாலு பாத்தி. வேலி இடுப்புக்கு மேல் வளரக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது என்பதெல்லாம் அவர் கண்காணிப்பு. ஃபோர்சித்தியாப் புதர் மஞ்சளாகப் பூத்தால் ரோஜாவைக் கவாத்துச் செய் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. மஞ்சள் கண்ணில் பட்ட அன்றே பால்சன் கத்திரியோடு கிளம்பிவிடுவார். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. அவர் வெட்டிய தண்டைப் பார்த்தே இது தலைவர் கை என்று சொல்லிவிடலாம். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பக்கத்துத் துண்டு ஹாரோவுடையது. கால்வாயில் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக நினைவு தப்பிவிட்டது. மனைவி விப்கேயை "நர்ஸம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, சூப்புக்கு நன்றி சொல்லுவார். ஆனால் குடில் சுவரில் அவர் வைத்த பழைய கொடி ரோஜா வருடத்துக்கு ஒருமுறை, ஜூனில் பூக்கும். பூ இருக்கும் இரண்டு வாரமும் அவர் "விப்கே!" என்று கூப்பிடுவார், சூப்பில் உப்பில்லை என்று சண்டை பிடிப்பார். பூ உதிர்ந்தால் மறுபடி நர்ஸம்மா. சங்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும்; ரயில் வரும் நேரத்தைப் போலத் தெரியும். மீதி வருடம் முழுவதும் அந்த இரண்டு வாரத்தை எதிர்பார்த்துத்தான் விப்கே உயிரை வைத்திருந்தாள்.

அந்த மார்ச்சில் விப்கே பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கொடி பாதைப் பக்கம் சாய்ந்து தொங்கியது. எதிரில் ஃபோர்சித்தியா மஞ்சளாக நின்றது. பாவம், அவளால் முடியாது, நாம் செய்து வைத்தால் இன்னும் அடர்த்தியாகப் பூக்குமே என்று நினைத்து, பால்சன் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்த்துவிட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் சங்கத்திலேயே போன வருடத்துத் தண்டில் பூக்கும் ரோஜா அது ஒன்றுதான். பூத்து முடிந்த பிறகுதான் அதில் கத்திரி படலாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்கிறவரே அவர். கை ஓடிய வேகத்துக்குப் புத்தி ஓடவில்லை.

மே மாதம் இலை வந்தது, மொட்டு வரவில்லை. ஊன்றுகோலோடு வந்த விப்கே வேலியோரம் நின்று, "இதுக்கு என்னாச்சு பால்சன்?" என்று கேட்டாள். "ஏப்ரல் பனிங்க, மொட்டெல்லாம் கருகிடுச்சு" என்று அவர் வாய் தானாகச் சொன்னது. அவள் சாய்வான வெட்டு ஒன்றை விரலால் தடவிப் பார்த்தாள். "பனியா" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து பால்சன் தன் தோட்டத்துக்கே சுற்றுவழியில் போகத் தொடங்கினார்.

மேசையில் வந்த பூவை அவர் ஒட்ட நறுக்கி எருக்குழியில் புதைத்தார். மறுநாள் நாற்காலிகள் பூத்தன. அதையும் வெட்டினார், விளக்குமாற்றுக் கட்டை பூத்தது, பிறகு மரச்செருப்பு, கூடவே மேசையும் மறுபடி. வீடு முழுக்க வாசனை. ஜன்னல்களைச் சாத்தி, யார் மணியடித்தாலும் ஜுரம் என்று சொல்லச் சொன்னார். ஹெர்டாவுக்குப் பொறுக்கவில்லை. "வெட்ட வெட்டத்தான் தழைக்கும்னு ஊருக்கே பாடம் நடத்துறவன் நீ. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கிறியே. அவ வீட்டுப் பூ இது, கொண்டுபோய்க் கொடு."

"சங்கத்துக்காரங்க எல்லாம் பாப்பாங்களே ஹெர்டா."

"பாக்கட்டும். அங்க ஒருத்தி ஜூன் மாசத்துலயும் நர்ஸம்மாவா உக்காந்திருக்கா. உனக்கு உன் மூஞ்சிதான் பெருசா?"

சனிக்கிழமை பிற்பகல், எல்லோரும் தோட்டத்தில் இருக்கும் நேரம், புருஷனும் பெண்டாட்டியுமாகப் பூத்த மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடுப்பாதை வழியே தூக்கிப்போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பால்சனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். யாரோ ஒருவர் மட்டும், "மெதுவா, அங்க ஒரு படி இருக்கு" என்றார். மேசையை ஹாரோவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஹாரோ வாசனையை மூக்கால் இழுத்தார், தலையைத் திருப்பினார். "விப்கே, காப்பி இன்னுமா ஆகல?" என்றார். விப்கே ஊன்றுகோலை விட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஹாரோவின் பார்வை சுவருக்குப் போனது. "யாரு இதை வெட்டினது?"

"ஏப்ரல் பனி, ஹாரோ" என்றாள் விப்கே, பால்சன் பக்கம் திரும்பாமல். அவருடைய பொய்யை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்து அவருக்கே குடையாகப் பிடித்தாள். பால்சனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"பனி இல்ல. நான்தான் வெட்டினேன்" என்றார்.

"நீயா! பழைய தண்டுலதான் பூக்கும்னு எனக்கே வகுப்பெடுத்த வாயாச்சே இது! கழுதை கையில கத்திரியைக் கொடுத்திருந்தாலும் மேஞ்சிட்டு மிச்சம் வெச்சிருக்குமேய்யா!" ஹாரோவின் குரல் கால்வாயில் போன கப்பல் வரை கேட்டது. விப்கே அழுதுகொண்டே சிரித்தாள். "நல்லாத் திட்டு. இன்னும் திட்டு" என்றாள்.

மேசை அங்கேயே தங்கிவிட்டது. பால்சன் வீட்டில் இரும்புக் கால் வைத்த மேசை ஒன்று வாங்கினார்கள். சுவர்க் கொடி அடுத்த வருடமே தேறிப் பூத்தது, மேசையும் கூடப் பூத்தது. ஹாரோவுக்கு இடையில் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு ஜூனிலும் விழித்ததும் அந்தப் பழைய வெட்டுத் தழும்பைக் கண்டு யார் என்று கேட்பார். "பால்சன், அவர் முழிச்சுட்டார், வாங்க" என்று விப்கே வேலிக்கு மேலாகக் குரல் கொடுப்பாள். பால்சன் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்று, நான்தான் என்பார். வருடங்கள் ஆகியும் வெட்கம் மட்டும் பழசாகவில்லை.

ஹாரோ இறந்த வருடமும் மேசை பூத்தது. பால்சன் பழக்கத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றார். கேட்க ஆள் இல்லை. விப்கே இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றினாள், பூக்களை ஒதுக்கி அவருக்கு இடம் செய்தாள், சுவர்க் கொடியின் பழைய வெட்டுத் தழும்பைப் பார்த்தாள்.

"யாரு இதை வெட்டினது?" என்று கேட்டாள்.

"நான்தாங்க" என்றார் பால்சன்.