தொண்ணூறு கட்டிலுக்கான விலை

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் பட்டறை அது. நடத்தியவர் அண்ணன், பதிவு மட்டும் தங்கை பெயரில். அண்ணன் ஏற்கெனவே ஒரு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர் என்பதால் வங்கிகள் அவர் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தின. வெல்டிங் பொறி தெறிக்கும் கூடத்தை ஒட்டி, தகரத் தடுப்புக்குப் பின்னால் தங்கைக்கு ஒரு மேசை. ஐந்து வருடமாக அண்ணன் நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் போட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் கடல் தாண்டிய ஊரிலிருந்து ஒரு தரும ஆஸ்பத்திரி அறுபது கட்டில் கேட்டது. பணம் ஒதுக்கவும் இறக்குமதி அனுமதி வாங்கவும் அவர்களுக்கு முதலில் ஒரு புரோஃபார்மா இன்வாய்ஸ் வேண்டும். இன்ன பொருள், இத்தனை, இன்ன விலை, இத்தனை நாளில் வந்துசேரும் என்று சரக்கு கிளம்புவதற்கு முன்பே எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது.

தரகர் வந்தார். அவர் போன பிறகும் அரை நாள் வாசனை நிற்கும் என்பதால் பட்டறையில் அவருக்கு 'சென்ட்' என்று பெயர். ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரி தனக்கு வேண்டியவர், விலையை ஒன்றரை மடங்காகப் போட்டால் போதும், கூடுதல் தனக்கும் அதிகாரிக்கும், பட்டறைக்கு வரவேண்டியது குறையாமல் வந்துவிடும் என்று விளக்கினார். அண்ணன் தலையாட்டினார். தங்கை பேனாவை மூடி வைத்தாள்.

"இது பில்லே இல்லம்மா, சும்மா ஒரு உத்தேசம்," என்றார் சென்ட். "இதுக்குப் போய் யாரு உங்களக் கேக்கப் போறா?"

"உத்தேசம்னாலும் அது என் உத்தேசம். உங்களுது இல்ல."

அண்ணன் அவளைத் தனியே அழைத்துப் போனார். வெல்டருக்கும் பெயின்டருக்கும் மூன்று மாதம் கை நிறைய வேலை இருக்கும், அதை யோசித்துப் பார் என்றார். அவள் யோசித்திருந்தாள்.

"அந்தப் பணத்துல தொண்ணூறு கட்டில் வாங்கலாம்ணே. மிச்ச முப்பது பேரு தரையில படுக்கணுமா?"

"நீ பேருக்குத்தான் முதலாளி. அத மறந்துடாத."

"அந்தப் பேரத்தான் தரமாட்டேங்கறேன்."

அன்றே சரியான விலையைத் தட்டச்சு செய்தாள். முப்பது நாள் வரை இந்த விலை செல்லும் என்று எழுதிக் கையெழுத்திட்டு, கொள்முதல் அதிகாரிக்கு ஒன்றும் தலைமை மருத்துவருக்கு ஒன்றுமாக அனுப்பிவிட்டாள்.

பதில் வரவில்லை. தன் மூலமாக வந்து கைவசம் இருந்த இரண்டு ஆர்டர்களையும் சென்ட் வேறு பட்டறைக்குத் திருப்பிவிட்டார். வீட்டில் அண்ணன் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது, உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல் என்று அண்ணியிடம் சொல்வார். அண்ணியும் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் அதை அப்படியே ஒப்பிப்பாள்.

இருபத்தைந்தாம் நாள் தலைமை மருத்துவர் போனில் வந்தார். மற்ற இரண்டு கம்பெனிகளும் ஒரே விலை எழுதியிருக்க, இவர்களுடையது மட்டும் ஏன் இவ்வளவு குறைவு, குழாய் மெலிசா என்று கேட்டார். குழாயின் கனம், பெயின்ட் எத்தனை பூச்சு, சக்கரம் எத்தனை கிலோ தாங்கும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியாக, விலையை ஏற்றிப் போடச் சொல்லி ஓர் ஆள் வந்ததையும், அவர் யார் பெயரைச் சொன்னார் என்பதையும் சொன்னாள். அண்ணன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது. தொண்ணூறு இல்லை, அறுபதுதான். மீதிப் பணத்துக்கு மெத்தை வாங்குகிறார்களாம். கொள்முதல் அதிகாரி அதே நாற்காலியில்தான் இருந்தார், கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது. சென்ட் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

அண்ணன் அண்ணியைத் தேடாமல் நேராக மேசைக்கு வந்தார். இன்னொரு வெல்டரை எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம், ஆனால் இனி விலை பேச யார் வந்தாலும் தன்னிடம்தான் பேச வேண்டும் என்றாள். அவர் ஏதோ முனகினார். மறுக்கவில்லை.

அடுத்த வாரம் தரகர் யாரும் இல்லாமல் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அவளே எழுதினாள். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது: விலை அதிகம், குறைக்க முடியுமா? நல்ல கட்டிலை இதற்குக் கீழே செய்ய முடியாது, வேண்டுமானால் நேரில் வந்து படுத்துப் பாருங்கள் என்று பதில் போட்டாள்.