போகிக்கு முன்னால் வந்த சீர்

பிரான்சில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்குப் பொங்கலைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. கிறிஸ்துமசுக்கு முன்னால் கதவைச் சாத்துவார்கள், ஜனவரி முதல் வாரத்தில் திறந்துவிடுவார்கள். லீவுக்கு ஊருக்கு வந்தவர்களெல்லாம் விமானம் ஏறி முடிந்த பிறகு பொங்கல் சாவகாசமாக வந்து சேரும். இதில் தன்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்பது கௌதமின் கட்சி. அவன் தங்கை வெண்ணிலா அந்தக் கட்சியில் இல்லை. அவள் அண்ணனோடு பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

கௌதம் பாகூரில் நெல்லும் கரும்பும் போட்ட வீட்டுப் பிள்ளை. அவன் மனைவி கல்பனாவின் தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அவர் எந்தச் சண்டையில் யாரைச் சுட்டார் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தப் புண்ணியத்தில் பேத்திக்குக் குடியுரிமை கிடைத்து, பேத்தியைக் கட்டிய கௌதமுக்கும் கிடைத்தது. இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குளிர்கிடங்கில் வேலை. எட்டு வயதில் தமிழ்க்குமரன், ஐந்து வயதில் கோகிலா.

கோகிலா என்பது கௌதமின் அம்மா கோகிலாம்பாளின் பெயர். அந்த அம்மாள் இருந்தவரை வருஷா வருஷம் போகியன்று மத்தியானம் பண்டசோழநல்லூரில் மகள் வீட்டு வாசலில் பொங்கல் சீரோடு போய் இறங்கிவிடுவாள். அவளும் போய் வருஷம் திரும்பியாகிவிட்டது. அப்பா அதற்கும் முன்பே போனவர். ஆக, போன பொங்கலுக்குச் சீர் கொண்டுபோக வேண்டியவன் கௌதம் ஒருவன்தான். அவன் குளிர்கிடங்கில் நின்றபடி போனிலேயே பணம் அனுப்பினான்.

போகி மத்தியானம் பண்டசோழநல்லூர்த் தெருவில் வீட்டுக்கு வீடு அண்ணன் தம்பிகள் வண்டியில் கரும்புக்கட்டைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வெண்ணிலா பொழுது சாயும்வரை வாசலில் நின்றாள். அவள் மாமியார் கனகாம்பாள் கெட்டவள் இல்லை, வாயை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். மருமகள் போன் மணியடித்தது கேட்டு, "உனுக்குச் சீரு டிங்குன்னு வந்துட்டுது. எடுத்து உள்ள வை" என்றாள். வெண்ணிலா பணத்தை வந்த வழியே திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

கௌதமுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கூடப்பிறந்தவள் ஒருத்திதான். அம்மாவும் இல்லை. இவளும் பேசவில்லை என்றால் பாகூரில் அவனுக்கு இருப்பது ஒரு பூட்டின வீடும் அதன் சாவியும்தான். அதனால் இந்த வருஷம் லீவுக்கு வரும்போதே தீர்மானமாக வந்தான். சீரைக் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது.

"மார்கழி பாதிகூட தாண்டலியே" என்றாள் கல்பனா.

"பொங்கலுக்கு நாம எங்க இருக்கப்போறோம்? சீர் சீர்தான்" என்றான்.

கரும்புக்காகச் செல்லப்பன் கொல்லைக்குப் போனான். செல்லப்பன் பன்னீர்க் கரும்பையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாத்துக்குபா இப்ப? இன்னும் இனிப்பே ஏறலியே" என்றார். இரண்டு முறை சொன்ன பிறகு, நாம் சொல்வதைச் சொல்லியாகிவிட்டது என்று வெட்டிக் கொடுத்தார். மஞ்சள் கொத்து, புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், பூசணிக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், புடவை, வேட்டி. எல்லாவற்றையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, பின்னாலேயே குடும்பமும் ஏறிக்கொண்டது.

மார்கழிக் குளிருக்கு ஊரே குல்லாவும் மப்ளருமாக நடமாடியது. கௌதமின் பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் வேர்த்துக்கொண்டு வந்தார்கள். கோகிலா கையில் ஐஸ் வேறு.

வெண்ணிலா அப்போதுதான் கோலத்தில் பூசணிப்பூ வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஆட்டோவைப் பார்த்தாள், கரும்பைப் பார்த்தாள், அண்ணனை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு கல்பனாவிடம் சொன்னாள்.

"அண்ணி, வந்தவங்கள உள்ள வரச் சொல்லுங்க. வண்டியில கீற சாமான் வண்டியிலயே இருக்கட்டும்."

வந்தவங்க என்பது தான்தான் என்று கௌதமுக்குப் புரிந்தது. "ஏம்மா, நானே கொண்டாந்திருக்கேன், பாரு" என்றான்.

கழுத்தில் மப்ளரோடு கனகாம்பாள் வெளியே வந்தாள். "புள்ளைங்களுக்குக் குளுரல?" என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "தம்பி, கோச்சுக்காத. போகியில பழசு வெளிய போவணும். அப்புறந்தான் புதுப்பானை உள்ள வரும். எங்க வூட்ல என் மாமியா காலத்துலேர்ந்து அப்படித்தான். பழசு கீறப்பவே புதுசு வந்தா எது தங்கும், எது போவும்னு யாரு கண்டது?"

"நாங்க போகிக்கு இருக்க மாட்டோம் அத்தை. இஸ்கூல் தொறந்துடுவாங்க."

"அதுக்குப் போகி இன்னா பண்ணும்?"

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தைக் கௌதம் இதே கேள்வி கேட்டிருக்கலாம், அங்கேயும் பதில் இருந்திருக்காது. லோடு ஆட்டோக்காரர் வெயிட்டிங் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். வெண்ணிலா தலை குனிந்து கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

வெண்ணிலாவின் கணவன் புகழ்வேந்தன் பல் குச்சியோடு வந்து முழுக் கதையையும் கேட்டான். எச்சிலைத் துப்பிவிட்டு, "மோட்டார் கொட்டாயில வெச்சுருவோம் மச்சான்" என்றான். "அது வூடு இல்ல. அங்க மாசம் தேதி எதுவும் கிடையாது."

கனகாம்பாள் யோசித்துப் பார்த்தாள். மோட்டார் கொட்டகையைப் பற்றி அவள் மாமியார் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

ஆக, சீர் வயலுக்குப் போனது. புகழ்வேந்தன் கரும்பை அடி நனையத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தினான். மஞ்சள் கொத்தை வேரோடு வரப்போரம் நடுவதற்குப் பிள்ளைகள் இருவரும் முழங்கால்வரை சேறானார்கள். அரிசி, வெல்லம், துணி எல்லாம் புதுப்பானைக்குள் போய், பானை ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வாழைப்பழம் போகிவரை தாங்காது என்பதால் அதை அங்கேயே தின்று தீர்த்தார்கள்.

வீட்டில் இட்லி வைத்தாள் வெண்ணிலா. "அண்ணி, இன்னும் ரெண்டு வேணுமான்னு கேளுங்க" என்றாள். கல்பனா திரும்பி, "இன்னும் ரெண்டு வேணுமா?" என்று கேட்டாள். "போதும்னு சொல்லு" என்றான் கௌதம். இதைப் பார்த்துக் கோகிலா, அத்தைக்கு அப்பாவின் பாஷை தெரியாது போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

ஜனவரி பிறந்ததும் பாரிசுக்குக் கிளம்பினார்கள். வழியனுப்பப் புகழ்வேந்தன் மட்டும் வந்தான், ஒரு தூக்கு நிறைய முறுக்கோடு. "அவ சுட்டது" என்றான். விமானத்தில் எல்லாரும் தூங்கினார்கள். கௌதம் தூங்கவில்லை, முறுக்கையும் தொடவில்லை.

போகியன்று காலை ஏழரை மணி. ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு, கூரைகளில் பனி. பிள்ளைகள் குல்லாவும் கோட்டும் பூட்ஸுமாகப் பையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்கள். போன் மணியடித்தது. திரையில் பண்டசோழநல்லூர் நடுமத்தியானத்து வெயிலில் கண் கூச நின்றது. போனைப் பிடித்திருந்தவன் புகழ்வேந்தன்.

"மச்சான், சீரு கொட்டாயிலேர்ந்து வாசலுக்கு வந்துட்டுது. இங்க ஒரு சிக்கல்."

சிக்கலின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "தாய் வூட்டு ஆளு கொண்டாந்தாத்தான் சீரு. என் புள்ளையே தூக்கியாந்து என் வூட்டுக்குள்ள வெச்சா அதுக்குப் பேரு இன்னா?"

கௌதம் திரைக்குக் கிட்டே குனிந்தான். வாசலில் தாம்பாளம், பானை, கரும்பு. கரும்பின் தோகை வாடாமல் பச்சையாக இருந்தது. மஞ்சளில் புதுக் குருத்து விட்டிருந்தது. யார் தண்ணீர் காட்டினார்கள் என்று கேட்க நினைத்தான். அதற்குள் வேறொரு கை வந்து போனைப் பிடுங்கியது. கண்ணாடி வளையலைப் பார்த்தே யார் என்று தெரிந்துகொண்டான்.

"ஆளு இல்லன்னு யாரு சொன்னது? தோ நிக்கிறாங்க, நாலு பேரும்" என்றாள் வெண்ணிலா.

போனைத் தாம்பாளத்தில் மல்லாக்க வைத்தாள், மஞ்சள் கொத்துக்கும் வெல்லத்துக்கும் நடுவில். திரையில் வானம் மட்டும் தெரிந்தது, ஓரத்தில் மஞ்சள் கொத்தின் இலை கொஞ்சம். தாம்பாளம் எழும்பியது. வேப்பங்கிளை ஒன்று கடந்தது, கூரை ஓரம் கடந்தது. கனகாம்பாளின் முகம் குனிந்து பார்த்துவிட்டு, "புள்ளைங்க இப்பத்தான் ஒழுங்கா ஸ்வெட்டர் போட்டிருக்குதுங்க" என்று விலகியது. மாவிலைத் தோரணமும் நிலைப்படியும் அவர்கள் தலைக்கு மேலாக மெல்ல நகர்ந்தன. கௌதம் தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"உள்ள போயிட்டமா?" என்றாள் கோகிலா.

"போயிட்டோம்" என்றாள் கல்பனா.

யாரோ ஆலம் சுற்றினார்கள். பிறகு ஒரு விரல் குங்குமத்தோடு இறங்கிவந்து போனுக்குப் பொட்டு வைத்தது, சரியாகக் கேமராவின் மேல். திரை முழுக்கச் சிவப்பு. படம் போய்விட்டது, குரல் மட்டும் இருந்தது.

"வாண்ணா" என்றது குரல். "சாப்ட்டியா?"

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. கதவோரம் நின்ற இருவரும் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள், வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. கௌதம் சிவப்புத் திரையைப் பார்த்தபடி, இன்னும் பல்கூட விளக்காத வாயால், "சாப்ட்டேம்மா" என்றான்.