இருநூற்றெட்டில் ஒரு கோடு

காற்று மாசைச் சோதிக்கும் எங்கள் வேனில் இருக்கும் மெஷின், கதவோரக் குழாய் வழியாகக் காற்றை இழுக்கும். தூசியை ஒவ்வொன்றாகப் பிடித்து லேசரால் உடைத்து, உள்ளே இருப்பதை அந்த நொடியே எடைபோட்டுத் திரையில் கோடாகக் காட்டும். ஈயம் என்றால் இருநூற்றெட்டு என்ற எடையில் கோடு எழும். என் மாமியாரைவிடக் கறார். ஒரு தூசி தப்பாது.

அந்தக் கோட்டுக்காகத்தான் காலையிலிருந்து பழைய பேட்டரி உடைக்கும் தொழிற்சாலை வாசலில் காத்திருந்தேன். மூன்று வயது மகளின் ரத்தத்தில் ஈயம் என்று டாக்டர் சொல்லி நாலு நாள் ஆகிறது. எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. என் கணவருக்குச் சோறு போடும் இடம்தான். இருந்தாலும் அந்தப் புகைபோக்கியைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று வயிறெரிய உட்கார்ந்திருந்தேன்.

புகை நேராக எங்கள் மேல்தான் வந்தது. கரி, உப்பு, மண். ஈயம் மட்டும் இல்லை. பதினொன்றேகாலுக்குக் கோடு எழுந்தது. ஈயத் தூசி ஒன்று, ஏழு, முப்பது.

"மாட்டினான்!" என்று கத்தினேன்.

"ஏம்மா, மெஷினே பொய் சொன்னா?" என்றார் டிரைவர் அண்ணன்.

குழாயில் தூசியைத் தடுக்கும் வடிகட்டியை மாட்டினேன். கோடு அடங்கியது. கழற்றினேன். மறுபடி எழுந்தது. மெஷின் மேல் பழி இல்லை.

"எவ்வளவு நேரமா கதவைத் தட்டுறேன்!"

கணவர். விடிகாலை ஷிப்ட் முடிந்து, பனியனும் பேன்ட்டுமாக, டிபன் பாக்ஸோடு குழாயில் சாய்ந்து நின்றார்.

"குழாயை மறைக்காதீங்க, தள்ளிப் போங்க!"

தள்ளிப் போனார். கோடு விழுந்தது.

"கிட்ட வாங்க. பேன்ட்டைத் தட்டுங்க."

தட்டினார். திரை முழுக்க இருநூற்றெட்டு.

"கையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தானே வர்றேன்?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"சட்டை எங்கே? வேலைக்குப் போடுற அந்தத் தடிச் சட்டை?"

"பாப்பாகிட்ட. ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா கூட்டிட்டு வந்திருக்காங்க, அவங்க மடியில கார்ல தூங்குறா. அது இல்லாம தூங்க மாட்டேங்கிறாளே. உடம்பு முடியாத பிள்ளையாச்சேன்னு, நாலு நாளா பகல்லயும் போத்திவிடுறேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்தேன்.

மாமியார் உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்றார். மகள் அந்தச் சட்டையின் காலரை வாயில் வைத்துச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.